உன் பெட்டி கடைக்கு வந்துவிட்டது, தர்சி

என் வாயாடித் தங்கமே, தர்சி,

உன் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. ருவான்வெல்லை பஜாரில் மின்சாமான் விற்கும் முஸ்லிம் நானாவின் கடையில், முன்னாலேயே வைத்திருக்கிறார்கள். மேலே ஒரு சிவப்பு ரிப்பன் வேறு. நீ இருந்திருந்தால், "ரிப்பன் எதுக்குக்கா, அது என்ன கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டிருப்பாய்.

பிள்ளைக்காம்பராவுக்குச் சாமான் வாங்கப் போனவள் அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிட்டேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது, பொய் சொல்லமாட்டேன். சாம்பல் நிறம், வழவழப்பான மூலைகள், முன்னால் ஒரு பச்சை வெளிச்சம். உள்ளே போய்க் குனிந்து அதன் பக்கவாட்டைப் பார்த்தேன். காற்றுப் போகிற துளைகளுக்கு மேலே அந்தச் சின்னத் தாழ்வாரம் அப்படியே இருந்தது. விரலால் தடவினேன். அழுகை வந்தது. அழுகை பஸ் ஏறுவதற்குள் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் வந்த கோபம் இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதை வேறு ஆட்களும் படிப்பார்கள். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று எரிந்து விழாதே. நம் அம்மாவும் அப்பாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். நாம் பிறந்து வளர்ந்தது தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில். நீ கெமிஸ்ட்ரி படித்து, கொழும்புப் பக்கம் ஒரு கம்பெனியில் பேட்டரி ஆராய்ச்சிக்குப் போனாய். நான் இங்கேயே, வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் இருந்துவிட்டேன்.

ஒரு தடவை லீவில் வந்தவள், மரத்தடியில் வெடித்துக் கிடந்த ரப்பர் கொட்டை ஓடுகளைச் சாக்கில் அள்ளினாய். நினைவிருக்கிறதா?

"என்னடி, அடுப்பெரிக்கவா?" என்றேன்.

"கருக்கி பேட்டரிக்குள்ள போடப் போறேன்க்கா" என்றாய். லித்தியம் நம் நாட்டில் கிடையாது, சாப்பாட்டு உப்பில் இருக்கிற சோடியம் போதும், ஆனால் அந்தச் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள நல்ல கரி வேண்டும் என்றாய். அந்தக் கரி நம் காலடியில் கிடக்கிறது என்றாய். "பக்கத்து மலையில பென்சில் காரீயத்தத் தோண்டி மூட்ட மூட்டையா கப்பல்ல ஏத்துறாங்க. அது பேட்டரியாத் திரும்பி வருது, நாமளே காசு குடுத்து வாங்குறோம். இந்தக் கொட்டை ஓட்டையாச்சும் நாம வச்சிக்குவோமே." அன்றைக்கு எனக்குப் பாதி விளங்கவில்லை. சாக்கை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கரி வேலை செய்தது. பத்திரிகையில் உன் படம் வந்தது. பெரிய பெரிய ஆட்கள் உன் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். அதோடு சரி. லயத்தில் எல்லாரும் என்னைப் பிடுங்கி எடுத்தார்கள், "ஒங்க தங்கச்சி பேட்டரி எப்ப வருது?" என்று. நான் உன்னைப் பிடுங்கினேன். நீ கடுப்பாகிவிட்டாய்.

"ஒரு தடவ வேல செஞ்சா அது புதினம்க்கா, சாமான் இல்ல. ஆயிரம் தடவ ஏத்தி எறக்குனாலும் அப்படியே நிக்கணும். ஒண்ணு செய்ய நான் போதும். பத்தாயிரம் செய்ய மெஷின் வேணும். மெஷினுக்கு மொதல் போட ஆள் வேணும். மொதல் போடுறவனுக்கு, வாங்குறதுக்கு ஆள் இருக்குன்னு தெரியணும். அந்த எடவெளிக்குள்ள எத்தன நல்ல பேட்டரி செத்துப்போச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நீ அந்த இடைவெளிக்குள் வருஷக்கணக்கில் கிடந்து மல்லுக்கட்டியது தெரியும். தீபாவளிக்குக்கூட வராமல் ஆய்வுகூடத்தில் கிடந்தாய். வந்தாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ ஒரு மேலாளரோடு இங்கிலிஷில் சண்டை பிடித்தபடி லயத்துக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பாய். டிவியில் வருகிறவர்கள் எல்லாம் எதிர்காலம், எதிர்காலம் என்று பேசும்போது, நீ சோற்றைப் பிசைந்தபடியே, "இவனுங்களுக்கு எதிர்காலம் மேடையில இருக்கு, எனக்கு ஸ்குரூ கழண்டு கெடக்கு" என்பாய்.

சோதனைக்கு ஒரு பெட்டியை வைக்க இடம் தேடினார்கள். கம்பெனிக்காரர்கள் கடலோரத்து ஹோட்டல் ஒன்றைச் சொன்னார்கள். நீ ஒற்றைக்காலில் நின்றாய். தகரக் கூரைச் சூடு, ஓயாத மழை, சுவரில் ஈரம், நினைத்த நேரத்துக்குப் போகிற கரண்ட், இத்தனையும் தாங்கினால் எங்கேயும் தாங்கும் என்று வாதாடிப் பெட்டியை நம் பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுவந்தாய். கூரையில் சோலர் தகடு, மூலையில் பெட்டி. அந்த முதல் பெட்டி எவ்வளவு அவலட்சணம்! இரும்புப் பெட்டகத்தைக் கழுதை உதைத்தது மாதிரி இருந்தது.

"நாங்க என்னடி, ஒங்க கம்பெனிக்குச் சோதன எலியா?" என்று கேட்டேன்.

"எலி இல்லக்கா. மொத ஆளு" என்றாய்.

அந்த வருஷம் மாரியம்மன் கோயில் திருவிழாவில், எல்லாரும் கூடியிருந்த இடத்தில், மைக்கைப் பிடுங்கிச் சொன்னாய்: "சோதன முடிஞ்சி பெட்டி கடைக்கு வர்றப்ப, மொத பெட்டி நம்ம லயத்துக்குத்தாங்க. தவணைக்குக் குடுக்கச் சொல்லிப் பேசியிருக்கேன்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. இந்தச் சொல்லுக்காகத்தான் இப்போது நான் எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நடக்கிறேன், தங்கச்சி. நீ அங்கே போய்ச் சௌகரியமாக இருக்கிறாய்.

அப்புறம் அந்த ஆயுத பூசை. அதை நீ சொல்லும்போதெல்லாம் சிரிப்பாய். நம் ஆட்கள் பால் வெட்டுகிற கத்திக்கும் வாளிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைப்பார்கள். அந்த வருஷம் பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மாக்கா, நம் பிள்ளைகளுக்கு வெளிச்சம் தருகிற பெட்டிக்கு மட்டும் பூசாமல் விடலாமா என்று, கை நிறையச் சந்தனத்தைக் குழைத்துப் பெட்டியின் உச்சியில் அப்பிவிட்டார். காற்றுப் போகிற துளைகள் எல்லாம் அப்போது உச்சியில்தான் இருந்தன. சந்தனம் காய்ந்து இறுகியது. பெட்டி சூடேறித் தானாகவே அடங்கிப்போனது. வெள்ளையம்மாக்கா, சாமி குத்தம் என்று அழுதார். நான் உனக்குப் போன் எடுத்தேன்.

"இந்த ஆக்களுக்கு இது சரிவராது, வேற இடம் பார்ப்போம்" என்று உன் மேலாளர் சொன்னாராம். நீ அவரை விட்டாயா? கொழும்பில் யாரும் பூசை செய்யமாட்டார்களா, பெட்டிமேல் துணி காயப்போடமாட்டார்களா, புத்தகம் அடுக்கமாட்டார்களா என்று கேட்டாய். அடுத்த கிழமையே வந்து துளைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றினாய். பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் பிளந்து, துளைகளுக்கு மேலே தாழ்வாரம் போல ஒட்டினாய். பிறகு வெள்ளையம்மாக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ பூசுங்க. நல்லா பூசுங்க" என்றாய். பயந்து பயந்து பூசினார். பெட்டி பாட்டுக்கு ஓடியது. நீ குழந்தைகளோடு சேர்ந்து குதித்தாய்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. லேசான காய்ச்சல்தான் என்று சொல்லிச் சொல்லி வேலைக்குப் போனாய். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் பிந்திவிட்டது. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அதற்குத்தான். ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் தாங்குகிற பேட்டரியைச் செய்தவளுக்கு, நான்கு நாள் படுத்து ஓய்வெடுக்கத் தெரியாமல் போனதே. எத்தனை தடவை சொன்னேன், கேட்டாயா?

சரி, கடைக்கு வருகிறேன். கடைக்கார நானா உன்னை மறக்கவில்லை. உன் பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காராமலே கேட்டேன், லயத்தில் எங்களுக்குத் தவணையில் கிடைக்குமா என்று. அவர் முகம் வாடிப்போனது.

"தங்கச்சி, எனக்கு விக்க ஆச இல்லாம ஈக்குமா? ஊட்டு உறுதிப் பத்திரம் வேணுமாம். உறுதி இல்லாட்டி, ஊட்டுச் சொந்தக்காரரோட கடிதம். ரெண்டும் இல்லாட்டிக் கம்பெனி மாட்டிப் பூட்டித் தராது. நானும் அவங்களுக்குச் சென்னேன், லயத்து ஆக்களுக்கு எங்கால வரும் உறுதின்னு. கேக்கிறாங்க இல்ல."

உறுதி! நூற்றைம்பது வருஷமாக யாருடைய காம்பரா, யாருடைய கூரை என்று கேட்டால் தோட்டத்தைக் கைகாட்டுகிறவர்கள் நாம். அந்தக் கூரையின் கீழ்தான் உன் பெட்டி மழையையும் வெயிலையும் தாங்குகிறதா என்று பார்த்தார்கள். அப்போது யாராவது உறுதி கேட்டார்களா? சோதிக்கும்போது கூரை போதும், விற்கும்போது மட்டும் கூரைக்குச் சொந்தக்காரன் வேண்டுமாம். நானா ஒரு விளம்பரத் தாளைக் கொடுத்தார். "கடுமையான வெப்பமண்டலச் சூழலில் நீண்டகாலம் பரீட்சிக்கப்பட்டது" என்று பளபளப்பான எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தச் சூழல் நாம்தான், தர்சி. தாளில் நம் பெயர் இல்லை. உன் பெயரும் இல்லை.

ஒன்று கேட்கிறேன், இனி நீ பதில் சொல்லப் போவதில்லை. இந்த உறுதி விஷயம் உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துகொண்டேதான் மைக்கில் அப்படிச் சொன்னாயா? இல்லை, அதையும் சண்டை பிடித்து மாற்றிவிடலாம் என்று நினைத்தாயா?

அடுத்த நாள் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனேன். ஒரு கடிதம்தானே, தோட்டத்துக்கு என்ன நட்டம் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்கு பெட்டி பூட்டக் கடிதம் குடுத்தா, நாளைக்கு நீங்க எல்லாம் வீடு எங்களதுன்னு சொல்லுவீங்க" என்றார். ஆள் நல்லவர்தான், திட்டவில்லை, டீ கூடக் கொடுத்தார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

வரும் வழியில்தான் தெரிந்தது, நம் தோட்டத்துக்கு உன் பெட்டி ஏற்கெனவே வந்துவிட்டது என்று. எங்கே? துரை பங்களாவில், கடைக்கு வருவதற்கு முன்னாலேயே! அங்கே ஏற்கெனவே ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. "மொத பெட்டி நம்ம தோட்டத்துக்கு" என்று சொல்லியிருந்தால்கூட உன் சொல் பலித்திருக்கும். இன்னொன்றும் கேள். பங்களாவில் சமைக்கிற மாணிக்கம் அண்ணன் போன ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டிக்கும் சந்தனம் அப்பியிருக்கிறார், நம் ஆள் அல்லவா. ஒன்றும் ஆகவில்லை, ஜம்மென்று ஓடுகிறது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஓடாமல் என்ன செய்யும்? வெள்ளையம்மாக்கா அழுத பிறகுதானே நீ துளைகளையே மாற்றினாய். நான் வழியிலேயே நின்று சிரித்தேன். அது சிரிப்பே இல்லை என்று மாணிக்கம் அண்ணனுக்கு விளங்கிவிட்டது, தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இதெல்லாம் போதாது என்று, பழைய பெட்டியையும் எடுத்துப்போகக் கம்பெனி லொறியை அனுப்பியது. சோதனை முடிந்ததாம். பழைய பெட்டிகளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறதாம்.

அன்றைக்குக் காலையிலேயே மழை பிடித்துவிட்டது. மழை வந்தால் பால் வெட்ட முடியாது, பால் பிடிக்கிற சிரட்டைக்குள் தண்ணீர் விழுந்து பால் கெட்டுவிடும். அதனால் பெண்கள் எல்லாரும் வாளியோடு திரும்பி வந்து, பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றார்கள். கரண்டும் போயிருந்தது. பால் வெட்டும் பழனியம்மாவின் சின்னவன் கவினுக்கு மூச்சிழுப்பு வந்து, தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா தந்த மெஷினைப் பெட்டியில் மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்திருந்தேன். முகமூடியை மூக்கில் வைத்துக்கொண்டு என் மடியில் கிடந்தான். அந்த நேரம் பார்த்து லொறி வந்து நின்றது.

இறங்கி வந்த கம்பெனி மாத்தயா இளம் ஆள், சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கே, இது பழைய மொடல். வைத்திருப்பது பாதுகாப்பில்லை" என்றார். பாதுகாப்பில்லை என்றால் இத்தனை வருஷம் குழந்தைகளுக்குப் பக்கத்தில் ஏன் வைத்தீர்கள் என்று நானும் சிங்களத்திலேயே கேட்டேன். கூட வந்த இருவர் வயரைக் கழற்றக் கிட்டே போனார்கள். வாசலில் நின்ற பெண்கள் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே உள்ளே வந்து நின்றார்கள். வெள்ளையம்மாக்கா பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னேன்: "சரி மாத்தயா. எடுத்துட்டுப் போங்க. ஆனா நீங்களே ஒங்க கையால நிப்பாட்டுங்க."

அவர் சுவிட்சைப் பார்த்தார். கவினைப் பார்த்தார். மெஷின் உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மருந்து தீரும்வரை அவருக்கு வேறு வேலை இல்லை, குந்தி உட்கார்ந்து பெட்டியைப் பார்த்தார். பக்கவாட்டில் ஒட்டியிருந்த குழாய்த் துண்டில் அவர் கண் நின்றது. புதிய பெட்டியிலும் இதே மாதிரி இருக்கிறதே, மழைக்காகப் பொறியியலாளர்கள் வைத்தது என்று பயிற்சியில் சொன்னார்களே என்றார். நான் சந்தனக் கதையைச் சொன்னேன். வெள்ளையம்மாக்கா, "நாந்தான் ஐயா பூசுனேன்" என்று கையைத் தூக்கினார். எல்லாரும் சிரித்துவிட்டோம், அவரும் சிரித்தார்.

பிறகு கேட்டார்: "ஒட்டியது யார்?"

"என் தங்கச்சி. இந்தப் பேட்டரியைச் செய்தவளே அவள்தான்."

"அவங்க பேர் என்ன?"

தர்சி, அவருக்கு உன் பெயர் தெரியாது. உன் கம்பெனியில் வேலை செய்கிறவர், நீ செய்த பெட்டியை விற்கிறவர், உன் கை பட்ட குழாயைத் தொட்டுக்கொண்டு உன் பெயரை என்னிடம் கேட்கிறார். துரை சொன்னது வலிக்கவில்லை, உறுதி இல்லை என்றது வலிக்கவில்லை, அவை எல்லாம் பழகிவிட்டன. இது வலித்தது. உன் முழுப் பெயரையும் சொன்னேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன். போனில் எழுதிக்கொண்டார். "மம பலன்னம், அக்கே" என்று சொல்லி வெறும் லொறியோடு போனார். பார்க்கிறேன் என்றுதான் சொன்னார், பார்ப்பாரோ என்னவோ. பார்க்கிறேன் என்று சொன்னவர்களை இந்த லயம் நிறையவே பார்த்துவிட்டது.

லொறி போனதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் போகவில்லை. பழனியம்மா கவினைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள், "ஏன்க்கா, நாம பெட்டிக்கு ஏன் கடிதம் கேக்குறோம்? உறுதியையே கேப்போமே."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவுதான். அடுத்த திங்கட்கிழமை காலை பிரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கூப்பிடுவதற்கு முன்னால், பெண்கள் எல்லாரும் துரைக்கு எதிரில் போய் நின்றோம். அவரவர் இருக்கிற காம்பராவை அவரவர் பெயருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். தன்னால் முடியாது, மேலே கேட்க வேண்டும் என்றார். மேலே எங்கே என்று கேட்டோம், கொழும்பு என்றார். கொழும்புக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனோம். வீடு எங்களது என்று சொல்லுவோம் என்று துரை பயந்தாரே, அந்த யோசனையை எங்களுக்குத் தந்ததே அவர்தான்.

இனி நான் சொல்வதைக் கேள். இந்தப் பழைய பெட்டி இந்த மூலையை விட்டு நகராது, நான் இருக்கும்வரை. கொழும்புக்குப் பஸ் பிடித்துவிட்டோம், மேலே இருக்கிறவர்கள் எங்களைக் கூப்பிட்டுப் பேசும்வரை ஒவ்வொரு மாதமும் போவோம். உறுதி கையில் கிடைக்கும் அன்றைக்கு, உறுதியைக் காட்டி நானாவின் கடையில் முதல் பெட்டியை வாங்கி, நம் அம்மா இருந்த காம்பராவில் பூட்டுவேன். நீ மைக்கில் சொன்ன சொல்லை நான் காப்பாற்றுவேன். வெள்ளையம்மாக்காவைக் கூப்பிட்டு, எங்கே வேண்டுமானாலும், கை நிறையச் சந்தனம் பூசச் சொல்லுவேன். உன் பெட்டி தாங்கும்.

உன்னோடு சண்டை பிடிக்க ஆளில்லாமல் ஊரோடு சண்டை பிடிக்கும்,
உன் ஒரே அக்கா,
ராணி